மசக்கை எல்லை மீறும்போது வீட்டில் செய்யும் தவறுகள்

வாந்தி வந்தால் குழந்தை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் என்பார்கள். சாதாரண மசக்கைக்கு அது பெரும்பாலும் சரிதான். ஆனால் குடித்த தண்ணீர்கூடத் தங்காமல், 50 கிலோ இருந்தவர் 47க்கு இறங்கி, காலையில் போன சிறுநீர் சாயங்காலம் வரை வராமல் சுருண்டு கிடந்தால் அதற்குப் பெயர் வேறு, ஹைப்பரெமெசிஸ். அப்போதும் "மூணு மாசம் போனா சரியாயிடும், நாங்கல்லாம் பெத்துக்கலையா" என்று சொல்லிக்கொண்டிருப்பதுதான் முதல் தவறு.

குழந்தை தனக்கு வேண்டியதை அம்மா உடம்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை அடுத்தது. இருந்தால்தானே எடுக்கும்? வைட்டமின் பி1, அதாவது தயமின், உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் கையிருப்பு. வாந்திக்காரருக்கு நாம் கொடுப்பதோ பச்சரிசிக் கஞ்சி, தீட்டித் தீட்டி அதில் தயமின் பெரும்பாலும் போயிருக்கும். (புழுங்கலரிசி இந்த விஷயத்தில் கொஞ்சம் மேல்.)

எனக்குப் பெரிய கவலை இதற்கப்புறம் நடப்பதில்தான். சோர்ந்துபோனதும் பக்கத்து கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறோம். அந்த குளுக்கோஸை எரிக்கவே உடம்புக்குத் தயமின் வேண்டும், ஏற்கெனவே தயமின் வற்றிக் கிடப்பவருக்கு வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மிச்சமிருப்பதும் தீர்ந்து மூளை பாதிக்கப்படலாம். பார்வை இரண்டிரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சில் குழப்பம் வரும். இதை வெர்னிக்கி பாதிப்பு என்கிறார்கள், அந்த அளவுக்குப் போன பல கர்ப்பங்களில் குழந்தை தங்கவில்லை. ஆகவே போனவுடனே எத்தனை நாளாகச் சாப்பாடு நிற்கவில்லை என்று சொல்லிவிட்டு, குளுக்கோஸுக்கு முன்னால் தயமின் போடுவீர்களா என்று கேளுங்கள். முகம் சுளிக்கும் டாக்டரும் இருப்பார், பரவாயில்லை.

மாத்திரை குமட்டுகிறது என்று எல்லாவற்றையும் தூக்கிப் போடுவதும் வேண்டாம். குமட்டலைக் கூட்டுவது பெரும்பாலும் இரும்புச்சத்து மாத்திரை, அதை டாக்டரைக் கேட்டுத் தள்ளிப்போடலாம். ஃபோலிக் அமிலம் அப்படியில்லை, மூளையும் தண்டுவடமுமாக வளரும் கருவின் நரம்புக் குழாய் கரு உண்டான முதல் மாதத்திலேயே மூடிவிடும், அந்தச் சின்ன மாத்திரை எந்த நேரத்தில் தங்குகிறதோ அப்போது போடுங்கள், ராத்திரி பத்து மணியானாலும் சரி.

வாந்தி மாத்திரையே ஆபத்து என்ற பயம், மசக்கைக்குக் கொடுத்துக் குழந்தைகள் கை கால் ஊனத்தோடு பிறந்ததால் 1961இல் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்ட தாலிடோமைடு மாத்திரை காலத்து மிச்சம். இன்று முதலில் தரும் டாக்ஸிலமின், பி6 கலந்த மாத்திரை பல வருடமாகக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. அதை ஒதுக்கிவிட்டுப் பட்டினி கிடந்தால்தான் எடை குறைந்த குழந்தை, குறைமாதப் பிரசவம் என்று போகும்.

ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே பற்றி யாரும் பேசுவதில்லை. வாரக்கணக்கில் வாந்தி நீடித்து அம்மா உடம்பில் இந்த வைட்டமின் குறைந்தால், அரிதாக, வயிற்றிலுள்ள குழந்தைக்கே மூளையில் ரத்தக்கசிவு வந்திருக்கிறது. அவ்வளவு மோசமாக இருந்ததென்றால் பிரசவம் பார்ப்பவரிடமும் சொல்லுங்கள், பிறந்ததும் குழந்தைக்குப் போடும் வைட்டமின் கே ஊசியைப் பச்சைக் குழந்தைக்கு எதற்கு என்று தடுக்காதீர்கள்.