ஓடி மடக்கும் நாயா, படுத்துக் காக்கும் நாயா?

சிறிய மேய்ப்பு நாய் வாங்கலாமா, பெரிய காவல் நாய் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதைத்தான்: நீங்கள் அருகில் இல்லாத நேரத்தில் அந்த நாய் என்ன செய்துகொண்டிருக்க வேண்டும்? இடம் எவ்வளவு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்களா, முடி கொட்டுமா என்பதையெல்லாம் அதன் பிறகு பேசலாம்.

எங்களிடம் மின்னி என்ற ஷெட்லாந்து மேய்ப்பு நாய் 11 ஆண்டுகள் இருந்தாள். அவளுடைய கடைசி 4 ஆண்டுகளில் பீமன் என்ற கிரேட் பைரனீஸ் இனக் காவல் நாயும் கூட இருந்தான். மின்னியின் எடை 9 கிலோ, பீமன் 52 கிலோ. இருவருக்கும் பொதுவாக 12 வெள்ளாடுகள். ஒருநாள் மாலை, இருட்டும் நேரத்தில், பழக்கமில்லாத நாய் ஒன்று வேலியோரம் வந்து நின்றது. மின்னி பாய்ந்துபோய் ஆடுகளை ஒரு மூலையில் சேர்த்துவிட்டு, அடுத்து என்ன என்று கேட்பதுபோல் என் முகத்தையே பார்த்தாள். பீமன் என் பக்கம் திரும்பவே இல்லை. மெதுவாக எழுந்து நடந்து, ஆடுகளுக்கும் வேலிக்கும் நடுவில் குறுக்காக நின்று, அடிவயிற்றிலிருந்து இரண்டு முறை குரைத்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். ஒரு காது மட்டும் என் பக்கம் அசைந்தது. வந்த நாய் போன பிறகுதான் அவன் நகர்ந்தான்.

இந்த வேறுபாடு வளர்ப்பில் மட்டும் வருவதில்லை. ஓநாயின் வேட்டையில் ஒரு வரிசை உண்டு: பார்ப்பது, வெறித்து நோக்குவது, பதுங்கி நெருங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது. நாய்களின் நடத்தையை நெடுங்காலம் ஆராய்ந்த ரேமண்ட் காப்பிஞ்சர் இந்த வரிசையைக் கொண்டுதான் இரண்டு வகைகளையும் விளக்கினார். மேய்ப்பு நாயில் முன்பாதியைத் தேர்ந்தெடுத்துக் கூர்மையாக்கி, கொல்லும் பின்பாதியை மழுக்கிவிட்டார்கள். மந்தைக் காவல் நாயில் முழு வரிசையுமே மங்கிக் கிடக்கும். அதனால்தான் பீமனின் முதுகில் ஆட்டுக்குட்டிகள் ஏறி நின்றாலும் அவன் கண்ணை மூடிப் படுத்திருப்பான். மின்னிக்கோ உருளும் பந்தையும் ஓடும் சைக்கிளையும் பார்த்தால் உடம்பே முறுக்கேறிவிடும்.

சிறிய மேய்ப்பு நாயை முதலில் எடுத்துக்கொள்வோம். ஷெட்லாந்து நாய் தோள்வரை 13 முதல் 16 அங்குலம் இருக்கும். பெம்புரோக் வெல்ஷ் கோர்கி இன்னும் குள்ளம், 10 முதல் 12 அங்குலம்தான். கோர்கி மாடுகளின் குதிகாலைக் கடித்து ஓட்டும் நாய். உருவம் சிறிதென்று பார்த்துச் சாதுவான மடிநாய் என எண்ணி வாங்குபவர்கள்தான் அதிகம் வருந்துகிறார்கள். வேலை கொடுக்காவிட்டால் இந்த நாய் தானே ஒரு வேலையைத் தேடிக்கொள்ளும். மின்னிக்கு 1 வயதாகும்போது, வீட்டுக்கு வந்த பிள்ளைகள் ஓடி விளையாடினார்கள். அவள் வட்டமடித்து அவர்களைச் சுவரோரம் ஒதுக்கினாள். விலகி ஓடிய சிறுவனின் குதிகாலைப் பல்லால் தொட்டுவிட்டாள். ரத்தம் வரவில்லை, ஆனால் பிள்ளை பயந்து அழுதான். அன்று அவளை அடித்திருந்தால் பெரிய தவறாகியிருக்கும். அவள் செய்தது அவள் பிறவியிலேயே கொண்டுவந்த வேலை. அதன் பிறகு பிள்ளைகள் ஓடும் இடத்தில் அவளைக் கயிற்றில் வைத்துக்கொண்டேன். அவர்களை விட்டு என்னைத் திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு தின்பண்டம் கொடுத்தேன். 6 வாரத்தில், ஓட்டம் தொடங்கியதும் என்னிடம் வந்து உட்காரப் பழகிவிட்டாள்.

ஆகவே, தினமும் 1 மணி நேர நடையோ ஓட்டமோ, அதற்கு மேல் பத்துப் பத்து நிமிடமாக இரண்டு முறை மூளைக்கு வேலையோ உங்களால் தர முடிய வேண்டும். மூளைக்கு வேலை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒளித்துவைத்த பொருளைத் தேடச் சொல்லலாம், புதிய சொல் ஒன்றைக் கற்றுக்கொடுக்கலாம். இதைச் செய்பவருக்கு மேய்ப்பு நாயைப் போல ஒரு தோழமை கிடையாது. மின்னிக்கு நான் ‘இரு’ என்று கிசுகிசுத்தால் போதும். குரைப்பது இந்த இனத்தின் குணம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அசைவது எதுவானாலும் குரைக்கும், அதுவும் கீச்சுக் குரலில், பெரும்பாலும் பகலில்.

ஆடு மாடு வளர்ப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கோலி, ஷெட்லாந்து, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் போன்ற இனங்களில் எம்டிஆர்1 என்ற மரபணுக் குறை காணப்படுகிறது. அது உள்ள நாய்க்குக் கால்நடைகளுக்குக் கொடுக்கும் அளவில் ஐவர்மெக்டின் என்ற குடற்புழு மருந்து உள்ளே போனால் நரம்பு பாதித்து உயிரே போகலாம். ஆட்டுக்குக் குடற்புழு மருந்து கொடுக்கும்போது வழியும் துளியை நக்கினாலும், மருந்து கொடுத்த கால்நடையின் சாணத்தைத் தின்றாலும் ஆபத்துதான். மருந்து கொடுத்த நாட்களில் மின்னியைப் பட்டிக்குள் விடவே மாட்டேன். குட்டி வாங்கும்போதே இந்த மரபணுச் சோதனை செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

இனிப் பெரிய காவல் நாய். கிரேட் பைரனீஸ், துருக்கியின் கங்கல், இத்தாலியின் மாரெம்மா எல்லாம் இந்த வகை. மேய்ப்பவர் தூங்கும் இரவில் தனியாக முடிவெடுக்க வேண்டும் என்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஆஸ்திரேலியாவின் வார்னம்பூல் அருகே மிடில் தீவில் நரிகள் புகுந்து, சில நூறாக இருந்த சிறிய இனப் பென்குவின்கள் 10க்கும் கீழே குறைந்துபோயின. 2006இல் அங்கே மாரெம்மா நாய்களைக் காவலுக்கு விட்ட பிறகு அவை மீண்டும் பெருகின. ஆடாக இருந்தாலும் பறவையாக இருந்தாலும், இளமையில் பழகித் தன்னுடையது என்று ஏற்றுக்கொண்டதை இந்த நாய் காக்கும். உங்கள் குடும்பத்தையும் அப்படித்தான் ஏற்றுக்கொள்ளும். ஆனால் உங்கள் கட்டளைக்காகக் காத்திருக்காது. பத்து முறை கூப்பிட்டும் வராத நாயோடு வாழ முடியாதென்றால் இந்தப் பக்கம் வராதீர்கள்.

இரவு 2 மணிக்குக் குரைப்பான், தெரிந்தே வாங்குங்கள். அதுதான் அவன் வேலை. தூரத்திலேயே குரலால் எச்சரித்து, சண்டையே இல்லாமல் திருப்பி அனுப்புவது. அண்டை வீட்டுச் சுவரும் உங்கள் சுவரும் ஒன்றாக இருந்தால் அவனால் உங்களுக்கும் அவர்களுக்கும் பகை வரும், கடைசியில் நாய்தான் வீட்டை விட்டுப் போகும். அது மிகப் பெரிய கொடுமை. வேலியும் முக்கியம். வேலியில்லாத காவல் நாய் தன் எல்லையைத் தானே அகட்டிக்கொண்டே போகும். நாங்கள் 5 அடி உயரத்துக்குக் கம்பி வலை போட்டு, அடியில் தோண்டாமல் இருக்கக் கல் பதித்தோம்.

பொறுமை வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் பீமனின் பத்தாவது மாதம். உடம்பு வளர்ந்துவிட்டது, மனம் இன்னும் குட்டிதான். விளையாட்டாக ஓர் ஆட்டுக்குட்டியைத் துரத்திக் காதைக் கிழித்துவிட்டான். அன்றுமுதல் பட்டியை ஒட்டித் தனிக் கூண்டு, ஆடுகளைப் பார்க்கலாம், முகரலாம், என் கண்ணெதிரில் மட்டும் கூடலாம் என்று வைத்தோம். 20 மாதம் ஆன பிறகுதான் இரவில் தனியாக விட்டோம். இந்த இனங்கள் முதிர ஏறத்தாழ 2 ஆண்டுகள் ஆகும். காவல் நாய்க் குட்டியை ஆடுகளோடு அடைத்துவிட்டால் தானாகப் பழகிவிடும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

உடல்நிலையில் இரண்டு விஷயங்கள். பெரிய இனக் குட்டியை வேகமாகக் கொழுக்கவைக்கக் கூடாது, கூடுதல் கால்சியமும் கொடுக்கக் கூடாது, எலும்பு கோணிவிடும். அடுத்து, வயிறு காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும் நோய். வாந்திக்கு முயல்வான், ஒன்றும் வராது, வயிறு மத்தளம்போல் விறைக்கும். அந்த நேரத்தில் நிமிடம்கூட வீணாக்காமல் மருத்துவரிடம் ஓட வேண்டும். 52 கிலோ நாயை வண்டியில் ஏற்ற அன்று எத்தனை பேர் இருப்பீர்கள் என்று இப்போதே எண்ணிப்பாருங்கள். பீமனின் காலில் முள் ஏறிய ஒருநாள், போர்வையை விரித்து அதன்மேல் அவனை உருட்டி, இரண்டு பேராக இழுத்தோம். அன்றிலிருந்து அந்தப் போர்வை வாசல் ஆணியிலேயே தொங்கியது. மின்னியை நான் ஒரு கையில் தூக்கிக்கொண்டு போவேன்.

பூட்டிய வீட்டில் நாள் முழுக்கத் தனியே இருக்க வேண்டிய நாய்க்கு இந்த இரண்டுமே பொருந்தாது. அடுக்குமாடியில் இருந்தாலும் ஆள் கூடவே இருப்பதானால் மேய்ப்பு நாயைச் சமாளிக்கலாம். மந்தை இருக்கிறது, இரவில் வேட்டை விலங்கு வருகிறது என்றால் காவல் நாயைத் தவிர வேறு யோசனையே வேண்டாம். மின்னி போன்றவளைத் தனியே அனுப்பினால் அவளுக்கே ஆபத்து. இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கு ஒன்று: மேய்ப்பு நாய் ஆடுகளை ஓட்டும்போது காவல் நாய் அதைத் தாக்குதலாக எடுத்துக்கொள்ளலாம். முதல் மாதம் முழுக்கப் பீமன் மின்னிக்குக் குறுக்கே போய் நின்றான். மின்னி ஆடு மடக்கும் நேரத்தில் அவனை அடைத்துவைத்து, வேலை முடிந்ததும் திறந்துவிட்டுச் சரிசெய்தோம்.

குட்டி பார்க்கப் போகும்போது குட்டியைவிடத் தாயை அதிகம் கவனியுங்கள். மேய்ப்பு இனமென்றால் சாவிக்கொத்தைத் தரையில் போட்டுப் பாருங்கள். திடுக்கிடட்டும், ஆனால் சற்று நேரத்தில் திரும்பி வந்து முகர வேண்டும். மூலையில் ஒடுங்கியே கிடக்கும் குட்டி வேண்டாம். காவல் இனமென்றால் பெற்றோரின் இடுப்பு மூட்டு எக்ஸ்ரேயைக் கேளுங்கள். உரிமையாளர் உங்களை உள்ளே அழைத்த பிறகும் தாய் உறுமிக்கொண்டே இருந்தால் திரும்பிவிடுங்கள். முடிந்தால் இருட்டிய பிறகு ஒருமுறை அங்கே போய், வாசலில் அரைமணி நேரம் நின்று அந்தத் தாய் குரைப்பதைக் கேளுங்கள்.