மீன்தூளைக் குறைத்துப் புழுத்தூள், சோயா: திலேப்பியாவின் கல்லீரலையும் குடலையும் பார்த்துத் தீவனம் மாற்றும் முறை

மீன்தூளைக் குறைத்து ஈப்புழுத்தூள், சோயா சேர்க்கும் மாற்றுப் புரதத் தீவனம் பற்றிப் பேச்செடுத்தாலே முதல் கேள்வி, "எடை ஏறுமா?" என்பதுதான். ஏறும். ஆனால் எடை ஏறிக்கொண்டிருக்கும்போதே கல்லீரலில் கொழுப்பு சேரலாம், குடலின் உட்சுவர் புண்ணாகலாம். வெயில் காலத்தில் ஒன்றும் தெரியாது. மழை பிடித்து, தண்ணீர் குளிர்ந்து, விடியற்காலையில் ஆக்சிஜன் குறையும்போது முதலில் மிதப்பது இந்த மீன்கள்தான். அதனால் தராசை மட்டும் நம்பாமல், மீனின் உள்ளுறுப்பைப் பார்த்துக்கொண்டே தீவனத்தை மாற்றும் முறையை எழுதுகிறேன். எங்கள் பண்ணைக்குட்டையில் இப்போது இப்படித்தான் செய்கிறோம்.

இது கிஃப்ட் திலேப்பியா (வேகமாக வளரத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய வகை) வளர்த்து, தீவனத்தைத் தாங்களே கலக்கிறவர்களுக்கு. குட்டை தயாரிப்பு, சுண்ணாம்பு, குஞ்சு இருப்பு எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். விரால், கொடுவா வளர்ப்பவர்கள் இந்த அளவுகளைப் பயன்படுத்த வேண்டாம். அவை இரண்டும் பிற மீனைத் தின்று வாழ்பவை, புரதத் தேவை அதிகம். அதிலும் கொடுவாவுக்குக் கடல்மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா 3 கொழுப்பு தீவனத்திலேயே வந்தாக வேண்டும். புழுவிலும் சோயாவிலும் அந்த வகைக் கொழுப்பு கிட்டத்தட்ட கிடையாது. திலேப்பியா பாசியும் மிதவை உயிரியும் தின்று பழகிய மீன். நீளமான குடல் உள்ளதால் தாவரப் புரதத்தை நன்றாகத் தாங்கும்.

படி 1: இரண்டு ஹாப்பா

ஒரே குட்டையில், ஒரே ஆழத்தில், இரண்டு ஹாப்பா (தண்ணீருக்குள் கட்டும் வலைப்பெட்டி) கட்டுங்கள். ஒன்றுக்குப் பழைய தீவனம், இன்னொன்றுக்குப் புதியது. ஒரே எடை மீன், ஒரே எண்ணிக்கை. தலா 30 மீன் போதும். வீட்டில் பிழியும் தீவனம் மூழ்கும் என்பதால் உள்ளே ஒரு தீவனத் தட்டைத் தொங்கவிடுங்கள். மிச்சம் எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும். வலையில் பாசி பிடித்தால் வாரம் ஒருமுறை தேய்த்துவிட வேண்டும். இல்லையென்றால் உள்ளே தண்ணீர் ஓட்டம் நின்றுபோகும்.

நேராகக் குட்டையிலேயே புதிய தீவனத்தைப் போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். பச்சைத் தண்ணீர்க் குட்டையில் மீனுக்குப் பாதிச் சாப்பாடு தண்ணீரிலிருந்தே கிடைக்கிறது. தீவனத்தில் உள்ள குறையை அது மறைத்துவிடும். ஹாப்பாவுக்குள் அந்த வசதி குறைவு, குறை சீக்கிரம் வெளிப்படும். அதோடு, ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய தீவனம் தின்ற மீன் கையில் இல்லாவிட்டால் படி 6-இல் நீங்கள் பார்க்கப்போகும் எதற்கும் அர்த்தமில்லை.

படி 2: சோயா வெந்ததா?

பச்சை சோயாவில் டிரிப்சின் தடுப்பான் என்ற பொருள் இருக்கிறது. மீனின் குடலில் புரதத்தைச் செரிக்கும் நொதியை அது கட்டிப்போட்டுவிடும். நல்ல சூட்டில் வெந்தால் பெரும்பாலும் செயலிழந்துவிடும். எண்ணெய் பிரித்த ஆலைப் புண்ணாக்கு பொதுவாக வறுத்தே வரும், ஆனால் மூட்டைக்கு மூட்டை வித்தியாசம் உண்டு. வாங்கும்போதே சோதிக்க எளிய வழி இருக்கிறது.

சோயாவில் யூரியேஸ் என்ற நொதியும் உண்டு. டிரிப்சின் தடுப்பான் எந்தச் சூட்டில் அழிகிறதோ ஏறத்தாழ அதே சூட்டில் இதுவும் அழியும். எனவே யூரியேஸ் உயிரோடு இருந்தால் சோயா வேகவில்லை என்று பொருள். மூடி போட்ட சின்ன பாட்டிலில் இரண்டு தேக்கரண்டி சோயாத்தூள், அரைத் தேக்கரண்டி யூரியா, ஐந்தாறு தேக்கரண்டி தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். வயலுக்கு வாங்கிய வேப்பம்பூச்சு யூரியாவே போதும். ஒரு வெள்ளைத் துணித்துண்டை மஞ்சள் கரைத்த நீரில் நனைத்து, கலவையில் படாமல் மூடிக்குள் மாட்டி இறுக்கி மூடுங்கள். இருபது நிமிடம் கழித்துத் திறந்தால், வேகாத சோயா என்றால் அம்மோனியா நெடி மூக்கில் ஏறும், துணியின் மஞ்சள் செம்மஞ்சளாகவோ செங்கல் நிறமாகவோ மாறியிருக்கும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பதும் இதே வேலைதான். பக்கத்தில் இன்னொரு பாட்டிலில் பச்சை சோயாவை அரைத்துப் போட்டு வைத்தால் நிறத்தை ஒப்பிடலாம். சோதித்த கலவையைக் கொட்டிவிடுங்கள், தீவனத்தில் சேர்க்கக்கூடாது.

வேகவில்லை என்று தெரிந்தால் தண்ணீர் தெளித்து ஊறவைத்து, இட்லிக் கொப்பரை போன்ற ஏதாவது ஒன்றில் அரை மணி நேரம் ஆவியில் வேகவையுங்கள். வெறும் சட்டியில் வறுப்பது எனக்குப் பிடிப்பதில்லை. அடியில் கருகும், மேலே பச்சையாகவே இருக்கும். கருகிய சோயாவில் லைசின் என்ற அமினோ அமிலமும் வீணாகும்.

சூட்டுக்கும் மசியாத ஒன்று சோயாவில் உண்டு, அது சப்போனின் என்ற, நுரைக்கும் தன்மையுள்ள தாவரப் பொருள். நார்வேயில் சால்மன் பண்ணைகளில் சோயாவைக் கூட்டியபோது குடலின் பின்பகுதி வீங்கி, உள்மடிப்புகள் குட்டையாகிப் போனதை 1990-களிலேயே ஆய்வாளர்கள் விரிவாக எழுதினார்கள். அதில் சப்போனினுக்குப் பெரிய பங்கு என்று பிறகு தெரிந்தது. திலேப்பியா சால்மன் அளவுக்கு நோஞ்சான் இல்லை. இருந்தாலும் தீவனத்தில் நூற்றுக்கு 25 பங்குக்கு மேல் சோயாவை நான் ஏற்றுவதில்லை.

படி 3: புழு

பி.எஸ்.எஃப் என்று சொல்லப்படும் பிளாக் சோல்ஜர் ஈயின் புழு. வளர்ப்பு முறை பல இடங்களில் கிடைக்கும். இங்கே மீனின் உடல்நிலையைத் தொடும் விஷயங்கள் மட்டும்.

புழு வெள்ளையும் சந்தனமுமாக இருக்கும்போதே எடுங்கள். கருத்துவிட்டால் மேல்தோல் தடித்து, கைட்டின் என்ற கடினத் தோல்பொருள் கூடிவிடும். கொஞ்சம் கைட்டின் மீனுக்கு நல்லது, எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அதிகமானால் செரிமானம் குறையும். எடுத்த புழுவைக் கொதிநீரில் சில நிமிடம் போட்டு வடித்து, பிறகு காயவையுங்கள். உயிரோடு வெயிலில் போட்டால் மெதுவாகச் சாகும், கருக்கும், கெட்ட வாடை வரும்.

புழுவுக்கு என்ன போடுகிறீர்கள் என்பது மிக முக்கியம். சந்தைக் காய்கறிக் கழிவு சரி. ஆலைக் கழிவு, சாக்கடை மண் கூடவே கூடாது. காட்மியம் போன்ற கன உலோகங்கள் புழுவின் உடலில் சேரும், அங்கிருந்து மீனுக்கும் கடைசியில் நம் தட்டுக்கும் வரும்.

படி 4: கணக்கு

புழுத்தூள் விற்பவர்கள் "புரதம் 42 சதவீதம்" என்பார்கள். ஆய்வகத்தில் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கி வரும் எண் அது. புழுவின் நைட்ரஜனில் ஒரு பகுதி கைட்டினுக்குள் இருக்கிறது, அது புரதம் இல்லை. முழுப் புழுவுக்கு 4.76-ஆல் பெருக்கினால்தான் உண்மைக்கு அருகில் வரும். அப்படிப் பார்த்தால் 42 என்பது 32 ஆகிவிடும். எண்ணெய் எடுக்காத புழுத்தூளுக்கு நான் 32 என்றே போடுகிறேன்.

10 கிலோ தீவனத்துக்கான பழைய கலவை: மீன்தூள் 1.5 கிலோ, சோயா 2.5, கடலைப் புண்ணாக்கு 1, எண்ணெய் நீக்கிய தவிடு 3.5, மக்காச்சோள மாவு 1.3, தாது உப்பும் வைட்டமினும் 0.2. புரதம் ஏறத்தாழ 30 சதவீதம்.

புதியது: மீன்தூள் 0.75, புழுத்தூள் 1.4, சோயா 2.5, கடலைப் புண்ணாக்கு 1, எண்ணெய் நீக்கிய தவிடு 2.85, மக்காச்சோள மாவு 1.3, தாது உப்பும் வைட்டமினும் 0.2. இதிலும் ஏறத்தாழ 30 வரும். 42 என்று நம்பிப் புழுவைக் குறைத்துப் போட்டிருந்தால் புரதம் காகிதத்தில் மட்டும் இருந்திருக்கும்.

தவிட்டைக் கவனியுங்கள். புழுத்தூளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. அதோடு எண்ணெய்த் தவிடும் சேர்ந்தால் கொழுப்பு எகிறிவிடும், அடி கல்லீரலுக்கு. அரவை மில் தவிடு சில நாளிலேயே காறல் வாடை அடிக்கும், அது இன்னும் மோசம். எண்ணெய் நீக்கிய தவிடே வாங்குங்கள்.

மீன்தூளை முழுவதுமாக நீக்கச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். பாதி மட்டும் போதும் என்பது என் நிலை. சோயா, கடலை இரண்டிலும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு. மீன்தூள் அதை ஈடுகட்டுகிறது. மீன்தூள் குறையும்போது பாஸ்பரஸும் குறையும். சோயாவிலும் தவிட்டிலும் உள்ள பாஸ்பரஸ் பெரும்பாலும் ஃபைட்டேட் என்ற சேர்மத்தில் கட்டுண்டது, மீனால் அதை உடைக்க முடியாது. ஆகவே 10 கிலோவுக்கு 100 கிராம் டி.சி.பி. (டைகால்சியம் பாஸ்பேட்) சேருங்கள், அந்த அளவுக்குத் தவிட்டைக் குறையுங்கள்.

கடலைப் புண்ணாக்கில் பூஞ்சணம் துளி தெரிந்தாலும் மூட்டையோடு ஒதுக்குங்கள். 1960-களில் அமெரிக்காவில் டிரவுட் மீன் பண்ணைகளில் கூட்டங்கூட்டமாகக் கல்லீரல் புற்று வந்ததற்கு, தீவனத்துப் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கில் இருந்த அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சண நஞ்சுதான் காரணம். திலேப்பியா அவ்வளவு மென்மையான மீன் இல்லை, ஆனாலும் அதன் கல்லீரலையும் அது கெடுக்கும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

படி 5: மாற்றும் வேகம்

முதல் வாரம் கால் பங்கு, இரண்டாம் வாரம் பாதி, மூன்றாம் வாரம் முக்கால், பிறகு முழுவதும். தட்டில் மிச்சம் கூடினால் ஒரு படி பின்னே போங்கள்.

படி 6: அறுத்துப் பார்ப்பது

முழுத் தீவனத்துக்கு மாறி ஆறு வாரம் கழித்து, இரண்டு ஹாப்பாவிலிருந்தும் ஐந்தைந்து மீன் எடுங்கள். இரண்டையும் ஒரே நாளில், தீவனம் போட்டு ஒரே நேர இடைவெளியில் எடுக்க வேண்டும். என்னைப் பல நாள் குழப்பியது இந்த நேரம்தான். கல்லீரல் வெளிறியிருந்தால் கொழுப்பு என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் நன்றாகத் தின்ற மீனின் கல்லீரலில் மாவுச்சத்து கிளைக்கோஜனாகச் சேர்ந்தும் வெளிறும், அது நோய் இல்லை. வயிறு நிறைந்த மீனையும் பட்டினி மீனையும் பக்கத்தில் வைத்தால் எந்தத் தீவனத்தைப் பற்றியும் முடிவுக்கு வர முடியாது. இப்போது நான் காலைத் தீவனம் போட்டு நான்கு மணி நேரம் கழித்தே எடுக்கிறேன்.

மீனை ஐஸ் தண்ணீரில் போட்டு, தலையில் ஒரே அடி. சிறிய கூர்முனைக் கத்தரிக்கோலால் மலத்துளையிலிருந்து தொடங்கி வயிற்றோரமாகச் செவுள் வரை வெட்டுங்கள். கத்தரி முனை மேல்நோக்கி இருக்கட்டும், இல்லையென்றால் குடல் கிழிந்து எல்லாம் பச்சையாகிவிடும். கத்தி வேண்டாம், கத்தரிதான் கை நடுங்கினாலும் கட்டுப்படும். எடைக்கு நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் சின்ன டிஜிட்டல் தராசு வாங்குங்கள், 0.01 கிராம் காட்டும்.

முதலில் பித்தப்பை. கரும்பச்சையாக உப்பியிருந்தால் மீன் சரியாகத் தின்னவில்லை. தட்டில் தீவனம் காலியாகியும் இப்படி இருந்தால், தீவனம் தண்ணீரில் கரைந்து போகிறது.

அடுத்து கல்லீரல். நல்லதென்றால் செம்பழுப்பு, ஓரம் கூர்மை, விரலால் அழுத்தினால் உடையாது. மஞ்சள் பாய்ந்து, ஓரம் மழுங்கி, தொட்டால் வெண்ணெய் போலக் குழைந்தால் சந்தேகப்படுங்கள். ஒரு துண்டை வடிதாளில் வைத்து அழுத்தி உலரவிடுங்கள். தண்ணீர்க் கறை காய்ந்து மறையும், எண்ணெய்க் கறை நிற்கும். கிளைக்கோஜனா கொழுப்பா என்பதை வீட்டிலேயே ஓரளவு பிரித்துக் காட்டுவது இதுதான். பிறகு கல்லீரல் எடையை மீன் எடையால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். புதிய தீவன மீன்களின் சராசரி, பழையதை விடத் தெளிவாகக் கூடியிருந்து எண்ணெய்க் கறையும் இருந்தால் புழுத்தூளை 1 கிலோவுக்கு இறக்குங்கள், அல்லது புழுவைச் சூடாகப் பிழிந்து எண்ணெய் எடுத்துவிட்டுச் சேருங்கள்.

கடைசியாகக் குடல். சுருளைப் பிரித்து, பின்பகுதியில் ஒரு விரல் நீளம் வெட்டி, நீளவாக்கில் கிழித்து, தண்ணீர்த் தட்டில் விரியுங்கள். ஆரோக்கியமான குடலின் உட்புறம் இளஞ்சிவப்பு, மடிப்புகள் தண்ணீரில் மெல்ல எழுந்து நிற்கும். சிவந்து, மஞ்சள் சளி பூசி, மடிப்பே இல்லாமல் வழவழவென்று இருந்தால் சோயாவை 1.5 கிலோவாகக் குறையுங்கள். குறையும் புரதத்துக்குப் பாதியை மீன்தூளிலும் பாதியைப் புழுவிலும் ஈடுசெய்யலாம்.

கண் பிதுங்கி, சுற்றிச் சுற்றி நீந்தும் மீனைக் கண்டால் தீவனத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். திலேப்பியாவில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றின் அடையாளம் அது. சென்னை மாதவரத்தில் தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகத்தின் நோய் கண்டறியும் ஆய்வகம் இருக்கிறது, உயிருள்ள மீனோடு போனால் நல்லது.

பின்னூட்டங்களுக்குப் பிறகு சேர்த்தவை

அசோலாவை (நீரில் மிதந்து வளரும் சிறு பெரணி) புழுவுக்குப் பதில் போடலாமா என்று பலர் கேட்டிருந்தார்கள். காய்ந்த அசோலாவில் புரதம் 20 முதல் 25 சதவீதம், அவ்வளவுதான். பச்சையில் பெரும்பகுதி தண்ணீர். மீன்தூளின் இடத்தை அது பிடிக்காது. தவிட்டில் கொஞ்சத்தைக் குறைத்து அந்த இடத்தில் சேர்க்கலாம்.

புழுத்தூள் சேர்த்ததும் பெல்லட் உதிர்கிறது என்று ஒரு நண்பர் எழுதினார். கொழுப்பு கூடினால் பிடிமானம் குறையும். மக்காச்சோள மாவில் பாதிக்குப் பதிலாக மரவள்ளி மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி ஊற்றிப் பிசையுங்கள். பிழிந்த பெல்லட்டைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் வடிவம் குலையாமல் நின்றால் போதும்.

இன்னொருவர் அனுப்பிய படத்தில் மீன்களின் முதுகு வளைந்திருந்தது. அவர் வைட்டமின் சி-யை மாவோடு சேர்த்தே ஆவியில் வேகவைத்திருக்கிறார். சாதாரண வைட்டமின் சி சூட்டில் அழிந்துவிடும், அது இல்லாவிட்டால் முதுகெலும்பு கோணும். சூடு தாங்கும் பாஸ்பேட் வடிவ வைட்டமின் சி கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால், காய்ந்த பெல்லட்டின் மேல் கொஞ்சம் எண்ணெயில் கலந்து பூசி, அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் தயார் செய்யுங்கள்.