கிருமிப் புரதமும் மனிதப் புரதமும் தொட்டுக்கொள்ளும் இடத்தை நீங்களே பார்ப்பது எப்படி?

கிருமிப் புரதங்களும் நம் புரதங்களும் எப்படிச் சேர்கின்றன என்று ஆராயும் துறைக்குப் புதிதாக வருபவர்கள் பலரும் எடுத்த எடுப்பிலேயே நூற்றுக்கணக்கான புள்ளிகளும் (புரதங்கள்) கோடுகளும் (அவற்றுக்கிடையேயான தொடர்புகள்) நிறைந்த வலைப்படத்தில் போய் மாட்டிக்கொள்கிறார்கள். அதில் ஒரு கோடு எதைச் சொல்கிறது என்று தெரியாதவரை அந்தப் படத்தால் பயனே இல்லை. அதனால் ஒரே ஒரு ஜோடியை மட்டும் எடுத்துக்கொள்வோம்: கொரோனா வைரஸின் ஸ்பைக் புரதம், நம் செல்லின் மேல் இருந்து, வைரஸ் பிடித்துக்கொள்ள இடம் தரும் ஏசிஇ2 என்ற புரதம் (ஏற்பி).

படி 1: புரதங்களின் முப்பரிமாண வடிவங்களைச் சேமித்து வைத்திருக்கும் ஆர்சிஎஸ்பி புரத வங்கி (RCSB PDB) தளத்தில் 6எம்0ஜே (6M0J) என்ற குறியீட்டைத் தேடி, 3டி காட்சியைத் திறங்கள். எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், பிரவுசரே போதும். படத்தில் ஒவ்வொரு புரத இழைக்கும் 'சங்கிலி' என்று பெயர்: ஏ (A) சங்கிலி நம்முடைய ஏசிஇ2. இ (E) சங்கிலி, ஸ்பைக்கில் ஏற்பியைப் பிடிக்கும் பகுதி.

படி 2: இங்கே அவசரப்படாதீர்கள். இ சங்கிலியின் அமினோ அமில வரிசையில் 417-ஆம் இடத்து லைசினைச் சொடுக்குங்கள். ஒரே அமிலத்துக்கு இரண்டு எண்கள் தெரியலாம். 'ஆத்' (auth) என்று போட்டிருப்பதுதான் ஆய்வுக்கட்டுரைகளில் வரும் எண், அதையே பாருங்கள். சுற்றியுள்ள அமிலங்கள் குச்சி குச்சியாக விரியும், நடுவே புள்ளிக்கோடுகள் தெரியும். அவற்றில் ஒன்று ஏசிஇ2-வின் 30-ஆம் இடத்து அஸ்பார்ட்டிக் அமிலத்துக்குப் போகிறது. லைசினில் நேர்மின்சுமை, எதிரில் இருப்பதில் எதிர்மின்சுமை, இடைவெளி சுமார் 3 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). இப்படிப்பட்ட சின்னச் சின்னப் பிடிப்புகள் பல சேர்ந்துதான் வைரஸ் நம் செல்லில் ஒட்டுகிறது.

படி 3: சரி, இதில் ஒரு அமிலம் மாறினால்? கொரோனா வைரஸின் பீட்டா என்ற திரிபு வகையில் அந்த லைசின் அஸ்பராஜின் என்ற வேறொரு அமினோ அமிலம் ஆனது. மின்சுமை போனதால் அந்தப் பிணைப்பும் போய், ஏற்பியின் மேலுள்ள பிடி தளர்கிறது. ஆனாலும் வைரஸுக்கு லாபம்தான், ஏனென்றால் அந்த இடத்தைக் குறிவைத்த சில எதிர்ப்பொருள்களால் அதைப் பிடிக்க முடியவில்லை. அதே பீட்டாவில் 501-ஆம் இடத்து அஸ்பராஜின் டைரோசினாகவும் மாறி, ஏசிஇ2-வின் 41-ஆம் இடத்து டைரோசினோடு நெருங்கி, இழந்த பிடியை ஈடுகட்டுகிறது. 501-ஐயும் சொடுக்கிப் பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

படி 4: அப்புறம், எந்தப் புரதம் எதனோடு சேர்கிறது என்று தொகுத்து வைத்திருக்கும் இன்ட்ஆக்ட் (IntAct) போன்ற தரவுத்தளத்துக்குப் போகலாம். அங்கே ஒவ்வொரு ஜோடிக்கும் எந்தச் சோதனையில் கண்டுபிடித்தார்கள் என்று போட்டிருக்கும், அதை முதலில் படியுங்கள். ஒரு புரதத்தைத் தூண்டிலாக வைத்து, கூடவே வருவதையெல்லாம் இழுத்தெடுக்கும் சோதனை என்றால், இரண்டும் ஒரே கூட்டத்தில் இருந்தன என்பதுதான் உறுதி. நேரடியாகத் தொட்டனவா என்பதற்கு வேறு சான்று தேட வேண்டும்.