தூரத்தை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் கிடைத்துவிடுமா?

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தூரத்தைத் தேடி எடுத்து, விமானம் மணிக்கு 900 கி.மீ. போகும் என்று வைத்துப் பலர் வகுத்துப் பார்க்கிறார்கள். நெடுந்தூரப் பயணத்துக்கு இந்தக் கணக்கை நம்பித் திட்டம் போடுவது ஆபத்து.

முதல் தவறு, சுவர் வரைபடத்தில் கோடு போட்டுப் பார்ப்பது. பூமி உருண்டை. டோக்கியோவிலிருந்து நியூயார்க்குக்கு மிகக் குறுகிய வழி அலாஸ்கா பக்கமாக மேலேறிப் போகிறது. சுமார் 10,800 கி.மீ. தட்டையான வரைபடத்தில் நேராகத் தெரியும் கோட்டில் போனால் ஏறக்குறைய 2,000 கி.மீ. கூடிவிடும். உருண்டை மீது நூலைப் பிடித்துப் பார்த்தாலே புரியும்.

அந்தக் குறுகிய வழியில்தான் விமானம் போகும் என்றும் நினைத்துவிடக் கூடாது. 2022-இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டது. ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரமாக இருந்த பயணம் 13 மணி நேரத்தைத் தொட்டது. ஊர்கள் இருந்த இடத்திலேயே இருக்க, பயணம் மட்டும் நீண்டுவிட்டது.

அதிகம் பேர் கவனிக்காதது காற்று. 900 கி.மீ. என்பது காற்றை ஒப்பிட்டுச் சொல்லும் வேகம். தரையை ஒப்பிட்டால் அது மாறும். விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வீசுகிறது, குளிர்காலத்தில் இன்னும் பலமாக. லண்டனிலிருந்து நியூயார்க் போக 8 மணி நேரம் ஆனால், திரும்ப 7 மணி நேரம் போதும். 2020 பிப்ரவரியில் புயல் காற்று பின்னாலிருந்து தள்ள, ஒரு விமானம் நியூயார்க்கிலிருந்து 5 மணி நேரத்துக்குள் லண்டன் வந்து சேர்ந்தது. போகும் நேரத்தை வைத்துத் திரும்பும் நேரத்தை முடிவு செய்யாதீர்கள்.

அலகையும் பாருங்கள். ஒரு மைல் 1.609 கி.மீ., ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. 8,000 என்ற எண்ணில் இந்தக் குழப்பம் நேர்ந்தால் 1,900 கி.மீ.க்கு மேல் பிசகும்.

டிக்கெட்டில் உள்ள புறப்பாடு, வருகை இரண்டும் அந்தந்த ஊர் நேரம். ஒன்றிலிருந்து மற்றொன்றை அப்படியே கழித்தால் விபரீதமான விடை வரும். குளிர்காலத்தில் டோக்கியோவில் மாலை 5 மணிக்குக் கிளம்பி 10 மணி நேரம் பறந்தால், லாஸ் ஏஞ்சலிஸில் அதே நாள் காலை 10 மணி! மார்ச்சில் கூடுதல் கவனம் தேவை: அமெரிக்கா கடிகாரத்தை முன்தள்ளிச் சில வாரங்கள் கழித்தே ஐரோப்பா தள்ளுகிறது. அதனால் சென்ற மாதம் பார்த்த நேர வித்தியாசம் இப்போது பொருந்தாமல் போகலாம்.

டிக்கெட்டில் போட்டிருக்கும் பயண நேரத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், இறங்கியபின் வாயிலுக்கு வருவதும் அடக்கம். குடியேற்றச் சோதனையும் பெட்டிக்குக் காத்திருப்பதும் அதில் சேராது. அழைத்துப்போக வருபவரிடம் இறங்கும் ஊரின் நேரத்தைத் தேதியோடு சொல்லுங்கள்; வருகை நேரத்துக்குப் பக்கத்தில் +1 என்று இருந்தால் அது மறுநாள்.