வளைகுடா அரச குடும்பத்து வெளியுறவு அமைச்சரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதுவது எப்படி?

சவூதி அரேபியாவின் சவூத் அல்-ஃபைசல் 1975 அக்டோபரில் வெளியுறவு அமைச்சரானார். 2015 ஏப்ரல் 29 வரை அந்தப் பதவியில் இருந்தார். குவைத்தின் ஸபாஹ் அல்-அஹ்மத் 1963இல் அதே பொறுப்பை ஏற்று, 1991–92இல் வந்த சிறு இடைவெளி நீங்கலாக 2003 வரை வகித்தார். பிறகு பிரதமர், 2006இல் நாட்டின் அமீர். இத்தகையவர்களைப் பற்றித் தமிழில் வரும் குறிப்புகள் பெரும்பாலும் அரண்மனைப் புகழ்மாலையாகவோ, யார் யாரைச் சந்தித்தார் என்ற பட்டியலாகவோ போய்விடுகின்றன. பிறப்பால் வந்தது எது, வேலையால் வந்தது எது என்று பிரித்துக் காட்டுவதுதான் இந்தக் குறிப்பின் வேலை. அதற்கேற்ற வரிசை இது.

பெயரைப் பிரித்தல்

எழுதத் தொடங்குமுன் முழுப்பெயரைத் துண்டுதுண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கத்தாரின் முஹம்மத் பின் அப்துர் ரஹ்மான் பின் ஜாசிம் ஆல் தானி என்பதில் முதலில் சொந்தப் பெயர், அடுத்துத் தந்தை, பாட்டனார், கடைசியில் குடும்பம். இரண்டாம் முறை குறிப்பிடும்போது ‘ஷேக் முஹம்மத்’ என்று எழுதலாம். ‘ஆல் தானி கூறினார்’ என்று எழுதினால் யாரைச் சொல்கிறீர்கள் என்றே தெரியாது. அமீரும் ஆல் தானிதான்.

‘மகன்’ என்று பொருள்படும் ‘பின்’ குவைத்தில் பெரும்பாலும் வராது. ஸபாஹ் அல்-அஹ்மத் அல்-ஜாபர் அல்-ஸபாஹ் என்றால் அஹ்மதின் மகன், ஜாபரின் பேரன். சவூத் அல்-ஃபைசலும் அப்படித்தான்: ஃபைசலின் மகன் சவூத். அதைக் குடும்பப் பெயராக நினைத்து ‘அல்-ஃபைசல் பேசினார்’ என்று எழுதினால் மன்னராக இருந்த தந்தையே பேசியதுபோல் ஆகிவிடும். ஓமானில் இன்னொரு வழுக்கல் உண்டு. அல்-பூசைதி என்பது பெரிய குலம். பெயர் அதில் முடிகிறது என்பதற்காக ஒருவரைச் சுல்தானின் நெருங்கிய உறவினர் என்று எழுதிவிட முடியாது.

பட்டங்களும் நாட்டுக்கு நாடு மாறும். சவூதியில் அமீர் என்றால் இளவரசர். குவைத்திலும் கத்தாரிலும் நாட்டின் தலைவர் ஒருவரே அமீர். அந்த இரு நாடுகளிலும், அமீரகத்திலும் பஹ்ரைனிலும் அரச குடும்பத்து அமைச்சருக்கு ‘ஷேக்’ போதும். சவூதி அறிக்கைகளில் ‘ராயல் ஹைனஸ்’ என்று வருகிறதா, வெறும் ‘ஹைனஸ்’ என்று வருகிறதா என்று கவனியுங்கள். முன்னது இன்றைய சவூதி அரசை நிறுவிய அப்துல் அஜீஸ் மன்னரின் ஆண்வழி வாரிசுகளுக்கு, பின்னது பக்கக் கிளையினருக்கு. உங்கள் கட்டுரையில் இரண்டையும் எழுத வேண்டாம். ஆள் எந்தக் கிளை என்று கண்டுபிடிக்க அது உதவும், அவ்வளவுதான்.

குடும்ப மரம்: மூன்று தலைமுறை போதும்

மூன்று தலைமுறை, அதிகம் போனால் எட்டுப் பெயர். அதற்கு மேல் வாசகர் தாங்கமாட்டார். மூன்று கேள்விகளுக்கு அந்த மரம் பதில் சொல்ல வேண்டும்: ஆட்சியாளருக்கு எவ்வளவு நெருக்கம்? தாய் யார்? உடன்பிறந்தோர் எந்தப் பதவிகளில் இருக்கிறார்கள்?

தாயை விட்டுவிடுவதுதான் வழக்கமான பிழை. பல மனைவியர் உள்ள குடும்பங்களில் ஒரே தாயின் பிள்ளைகள் தனி அணியாக நிற்பது உண்டு. அமீரகத்தின் வெளியுறவு அமைச்சர் அப்துல்லாஹ் பின் ஸாயித், நாட்டை நிறுவிய ஸாயிதின் பல மகன்களுள் ஒருவர் என்று மட்டும் எழுதினால் விஷயமே விடுபட்டுப்போகும். அவர் ஃபாத்திமா பின்த் முபாரக்கின் மகன். இன்றைய அதிபர் முஹம்மத் பின் ஸாயிதும், தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் தஹ்னூனும் அவருக்கு ஒரே தாய் வயிற்றுச் சகோதரர்கள்.

சவூத் அல்-ஃபைசலின் கதையில் பரம்பரைக்குக் கனம் அதிகம். தந்தை ஃபைசல் 1930இல் அமைச்சகம் உருவானபோதே அதன் தலைமையை ஏற்றவர். மன்னரான பிறகும் அந்தத் துறையைக் கைவிடவில்லை. அவர் 1975 மார்ச் 25 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். சில மாதங்களில் துறை மகனிடம் வந்தது. உடன்பிறந்த துர்க்கி 1979 முதல் 2001 வரை உளவுத்துறைத் தலைவர்.

2019 அக்டோபரில் சவூதி வெளியுறவு அமைச்சரான ஃபைசல் பின் ஃபர்ஹானுக்கு இந்த அச்சு பொருந்தாது. அவர் அப்துல் அஜீஸின் வழித்தோன்றல் அல்லர். முதல் சவூதி அரசை நிறுவிய முஹம்மத் பின் சவூதின் சகோதரர் ஃபர்ஹானின் கிளை. இவரைப் பற்றி எழுதும்போது குடும்பப் பத்தியைச் சுருக்கி, வேலைப் பத்தியை நீட்டுங்கள்.

தேதிகள்

சவூதி அரச ஆணைகள் ஹிஜ்ரி எனும் இஸ்லாமியப் பிறை நாட்காட்டித் தேதியோடு வரும். ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள்தான். ஆகவே ‘40 ஹிஜ்ரி ஆண்டுகள்’ என்பது நம் கணக்கில் 39க்கும் சற்றுக் குறைவு. மூத்த தலைமுறையினர் சிலருக்குப் பிறந்த ஹிஜ்ரி ஆண்டு மட்டுமே பதிவில் இருக்கும். அந்த ஓராண்டு பெரும்பாலும் இரண்டு ஆங்கில ஆண்டுகளில் பரவி நிற்கும் என்பதால் ‘1933–34’ என்ற வடிவில் எழுதுங்கள். மாற்றும் கருவிகள் பிறைக் கணக்கால் ஒருநாள் முன்பின்னாகக் காட்டலாம். ஆணை வெளியான நாளின் செய்தியோடு ஒப்பிட்டுவிட்டால் தீர்ந்தது.

ஆணை வந்த நாளும் பதவியேற்ற நாளும் வேறாக இருக்கலாம். எதை எடுத்தாலும் கட்டுரை முழுக்க அதையே பின்பற்றுங்கள். குவைத்தில் அமைச்சரவை அடிக்கடி பதவி விலகும். அதே ஆள் அதே துறையோடு திரும்பி வருவார். இதை ஐந்து பதவிக்காலமாக உடைக்காமல் ஒரே தொடராக எழுதி, உண்மையான இடைவெளியை மட்டும் சொல்லுங்கள்.

அமைச்சராவதற்கு முன்

பலரும் ஒரே வரியில் தாண்டிப்போகும் பகுதி இது. ஆள் பிடிபடுவதோ இங்கேதான். சவூத் அல்-ஃபைசல் பிரின்ஸ்டனில் பொருளாதாரம் படித்து, எண்ணெய் அமைச்சகத்தில் வளர்ந்து, 1971இல் அதன் துணை அமைச்சரானவர். 1973 எண்ணெய்த் தடையின்போது அவர் எங்கே இருந்தார் என்பதை இதிலிருந்தே எழுதிவிடலாம். அப்துல்லாஹ் பின் ஸாயித் 1997 முதல் 2006 வரை தகவல் துறை அமைச்சர். ஃபைசல் பின் ஃபர்ஹான் பிராங்க்ஃபர்ட்டில் பிறந்தவர்; பாதுகாப்பு, விமானத் தொழிலில் இருந்துவிட்டு வாஷிங்டன் தூதரகத்தில் ஆலோசகராகி, பிறகு ஜெர்மனிக்கான தூதரானவர்.

யார் செய்தது?

இந்நாடுகளில் வெளியுறவின் பெரிய முடிவு ஆட்சியாளருடையது. ஆகவே ‘முடிவெடுத்தார்’, ‘பேச்சு நடத்தினார்’, ‘கையெழுத்திட்டார்’ என்ற மூன்றையும் ஒன்றாகக் குழைக்காதீர்கள். 2023 மார்ச் 10 அன்று பெய்ஜிங்கில் சவூதி–ஈரான் உடன்பாட்டில் சவூதிக்காகக் கையெழுத்திட்டவர் பாதுகாப்பு ஆலோசகர் முஸாஇத் அல்-ஐபான். ஃபைசல் பின் ஃபர்ஹான் ஈரான் அமைச்சரை அங்கே சந்தித்தது ஏப்ரல் 6 அன்று. 2002 பெய்ரூட் மாநாட்டின் அரபு அமைதித் திட்டம் அன்றைய பட்டத்து இளவரசர் அப்துல்லாஹ்வின் பெயரில் வந்தது; அதைச் சவூத் அல்-ஃபைசலின் திட்டம் என்று எழுதுவது பிழை. மாறாக, 2020 செப்டம்பர் 15 அன்று வெள்ளை மாளிகையில் இஸ்ரேலுடனான ஒப்பந்தத்தில் அமீரகத்துக்காகக் கையெழுத்திட்டவர் அப்துல்லாஹ் பின் ஸாயித்தான். அன்று பஹ்ரைனுக்காகக் கையெழுத்திட்ட அப்துல் லத்தீஃப் அல்-ஸயானி அரச குடும்பத்தவர் அல்லர்.

பதவிப் பெயரையும் சரிபாருங்கள். வெளியுறவு அமைச்சரும் வெளியுறவுக்கான இணையமைச்சரும் வேறு வேறு ஆட்கள். சவூதியின் ஆதில் அல்-ஜுபைர் 2015 முதல் 2018 வரை முன்னவர், அதன்பின் பின்னவர். இன்றும் பழைய நினைப்பில் அவரை முதல் பதவியிலேயே எழுதிவிடுகிறார்கள்.

எவ்வளவு நீண்ட பதவிக்காலமானாலும் நான்கைந்து நிகழ்வுகளுக்கு மேல் எடுக்க வேண்டாம். கத்தார் என்றால் 2017 ஜூன் 5 அன்று தொடங்கி 2021 ஜனவரி 5 அன்று சவூதியின் அல்-உலாவில் முடிந்த, அண்டை நாடுகள் கத்தார் மீது விதித்த முற்றுகை கட்டாயம் வேண்டும். ஷேக் முஹம்மத் அந்தக் காலம் முழுக்க அமைச்சர். அரசுச் செய்தி நிறுவனங்களான வாம் (அமீரகம்), குனா (குவைத்) போன்றவற்றின் அறிக்கைகள் தேதிக்கும் பங்கேற்றோர் பெயருக்கும் நம்பகமானவை. ‘சகோதர உறவுகளை ஆராய்ந்தனர்’ என்ற வாசகத்தில் தகவல் ஒன்றும் இல்லை; ஆனால் அதே மேசையில் உளவுத்துறைத் தலைவரும் உட்கார்ந்திருந்தால் அது தகவல். இணையத்தில் உலவும் சொத்து மதிப்புகளைத் தொடவே வேண்டாம்.

பதவி முடிவு

ஆணையின் சொல்லையும் அடுத்த பொறுப்பையும் சேர்த்தே எழுதுங்கள். சவூத் அல்-ஃபைசல் நீண்டகால உடல்நலக் குறைவுக்குப் பிறகு விடுவிக்கப்பட்டார். அதே சமயம் இணையமைச்சராகவும் மன்னரின் ஆலோசகராகவும் சிறப்புத் தூதராகவும் நியமிக்கப்பட்டார். அதை ‘நீக்கப்பட்டார்’ என்று எழுதினால் தவறான பொருள் வந்துவிடும். அவர் 2015 ஜூலை 9 அன்று காலமானார். பதவியில் இருப்பவரைப் பற்றியானால் ‘தற்போதைய’ என்ற சொல்லைத் தவிர்த்து, கத்தாரின் ஷேக் முஹம்மதுக்கு எழுதுவதுபோல் ‘2016 ஜனவரி முதல் வெளியுறவு அமைச்சர், 2023 மார்ச் முதல் பிரதமரும்’ என்று தொடக்கத் தேதியை மட்டும் கொடுங்கள். நள்ளிரவில் ஓர் ஆணை வந்தாலும் திருத்த வேண்டியது ஒரு வரிதான்.