சுகரையும் பிரஷரையும் ஊரோடு சேர்ந்து குறைப்பது எப்படி

நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர் பக்கம் படுகர் ஊரான எந்த ஹட்டிக்குப் போனாலும், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற எந்த எஸ்டேட் லைனுக்குப் போனாலும், சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வாங்கி வைத்திருக்கிற வீடுகளைப் பார்க்கலாம். ஆஸ்பத்திரியில் அவர்களுக்குக் கிடைக்கிற அறிவுரை பெரும்பாலும் ஒரே வரிதான்: இனிப்பைக் குறைங்க, தினமும் நடங்க. சொன்னதில் தப்பில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தால் எல்லோருக்கும் சேர்த்து சர்க்கரை போட்டே டீ கொதிக்கிறது, பக்கத்து வீட்டுக்குப் போனால் வர்க்கியும் டீயும் கொடுக்காமல் அனுப்ப மாட்டார்கள், வேண்டாம் என்றால் கொடுத்தவர் முகம் வாடிவிடும். நாம் என்ன சாப்பிடுகிறோம் என்பதை பாதிக்குப் பாதி அக்கம்பக்கம்தான் முடிவு செய்கிறது. அதைத் தனி ஆளாக எதிர்த்துக்கொண்டு எத்தனை நாள் இருக்க முடியும்? அதனால் சேர்ந்து செய்யுங்கள்.

சேர்ந்து செய்தால் பலன் உண்டு என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் 2002ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், சுகர் வரப்போகிற நிலையில் இருந்தவர்களுக்கு இரண்டே இலக்குகள் கொடுத்தார்கள்: உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது. சுகர் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு 31 சதவீதம்தான். பிறகு அதே திட்டத்தைக் குழு வகுப்புகளாக மாற்றி ஊர் ஊராக நடத்தினார்கள். சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் 2006ல் வெளியிட்ட ஆய்வில், உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்கு 28.5 சதவீதம் குறைந்தது. பெரிதாக எடை இறங்காமலேயே கிடைத்த பலன் அது என்பதால், ஒல்லியாக இருந்தும் சுகர் வருகிற நம் ஆட்களுக்கு அதுதான் முக்கியமான சேதி.

ஏற்கெனவே சுகர் வந்தவர்கள்? பிரிட்டனில், நோய் வந்து 6 வருடத்துக்குள் இருந்த, இன்சுலின் போடாத, உடல் பருமனான ஆட்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். தினமும் சுமார் 850 கலோரி மட்டும், அதுவும் டாக்டர், நர்ஸ் கண்காணிப்பில். ஒரு வருடத்தில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே மூன்று மாத சராசரி சுகர் அளவு (ஹெச்பிஏ1சி) 6.5 சதவீதத்துக்குக் கீழே வந்தது, 15 கிலோ குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு. இரண்டாம் வருட முடிவில் அந்த 46 என்பது 36 ஆகிவிட்டது. அதாவது சுகரை மாத்திரை இல்லாத நிலைக்குக் கொண்டுவர முடியும், எல்லோருக்கும் முடியாது, கொண்டுவந்ததைக் காப்பாற்றாவிட்டால் திரும்பி வரும். பூரண குணம் என்று நோட்டீஸ் ஒட்டுகிறவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். இந்த 850 கலோரி வேலையை வீட்டில் தானாக முயற்சி செய்யவும் வேண்டாம்.

சரி, எப்படித் தொடங்குவது? பத்துப் பதினைந்து பேர் போதும். வீட்டில் சமைப்பவர் கட்டாயம் அதில் இருக்க வேண்டும், நோயாளி மட்டும் வந்து பிரயோஜனமில்லை. மகளிர் குழு ஏற்கெனவே கூடுகிற நாளிலேயே அரை மணி நேரம் சேர்த்துக்கொண்டால் தனியாக ஆள் திரட்டும் வேலை மிச்சம். முதல் ஆறு மாதம் அடிக்கடி கூட வேண்டும் (அமெரிக்கத் திட்டத்தில் அந்த ஆறு மாதத்துக்குள் 16 கூட்டம்), அப்புறம் வருடம் முடியும்வரை மாதம் ஒருமுறை. இரண்டு வாரம் ஆர்வமாக நடத்திவிட்டு விடுவதாக இருந்தால் தொடங்கவே வேண்டாம், அடுத்த முறை கூப்பிட்டால் யாரும் வர மாட்டார்கள்.

முதல் கூட்டத்தில் ஒரு டேப் மட்டும் போதும். சென்னை ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கிய மதிப்பெண் முறை ஒன்று இருக்கிறது, ரத்தமே தேவையில்லை. வயது 35 முதல் 49 என்றால் 20, 50 அல்லது அதற்கு மேல் என்றால் 30. இடுப்பளவு பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 தொட்டால் 10, அதற்கு மேலும் 10 செ.மீ. கூடினால் 20. அப்பா அம்மாவில் ஒருவருக்கு சுகர் என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. உடல் உழைப்பே கிடையாது, உட்கார்ந்த வேலை என்றால் 30. கூட்டினால் 60 அல்லது அதற்கு மேல் வருகிறவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் அக்காவை முதல் நாளிலிருந்தே குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். யாருக்கு என்ன மாத்திரை என்று அவருக்குத்தான் தெரியும்.

பிரஷர் பார்க்கும்போது நம் ஊரில் நடக்கிற பெரிய தப்பு, ஸ்வெட்டர் கையின் மேலேயே பட்டையைச் சுற்றுவது. கையை வெளியே எடுத்து, வெறும் தோலில், நெஞ்சு உயரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மேடு ஏறி வந்த மூச்சோடு பார்க்கக் கூடாது. ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகுதான், அதற்கு முன் அரை மணி நேரம் டீயும் பீடியும் இல்லாமல். குளிர்காலத்தில் பிரஷர் கொஞ்சம் ஏறும் என்பதையும் மனதில் வையுங்கள்.

ஆதிவாசி கிராமங்களில் நடத்துகிறவர்கள் இதைக் கவனியுங்கள். பணியர், குறும்பர், இருளர் மக்களிடையே சிக்கிள் செல் ரத்தசோகை இருக்கிறது. அது உள்ளவர்களுக்கு ஹெச்பிஏ1சி என்கிற மூன்று மாத சராசரி டெஸ்ட் சரியான அளவைக் காட்டாது. வெறும் வயிற்று சுகர், சாப்பிட்ட பின் சுகர் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும், டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

உணவில் கை வைக்கும்போது டீயிலிருந்து தொடங்குங்கள். ஒரு நாளைக்கு ஐந்து கிளாஸ், கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன் என்றால் கிட்டத்தட்ட 50 கிராம் சர்க்கரை, ஒரு ஆளுக்கு மாதம் ஒன்றரை கிலோ. உலக சுகாதார நிறுவனம் நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. டீயை விடச் சொல்லாதீர்கள், தேயிலை விளைகிற ஊரில் அது நடக்காது, நடக்கவும் வேண்டியதில்லை. சர்க்கரை போடாமல் கொதிக்கவைத்து, சர்க்கரை டப்பாவைப் பக்கத்தில் வைத்துவிடுங்கள், வேண்டியவர் போட்டுக்கொள்ளட்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை ஸ்பூன் குறைத்தால் நாக்கு பழகிவிடும். இந்த ஒரு பழக்கத்தை லைனில் எல்லா வீடும் ஒரே வாரத்தில் மாற்றினால், விருந்தாளியாகப் போகிறவருக்கும் சங்கடம் இல்லை, கொடுப்பவருக்கும் இல்லை. வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் சுகருக்கு ஒன்றுதான், அதை நம்பி ஏமாற வேண்டாம். சாப்பாட்டோடு டீ குடிப்பதையும் நிறுத்துங்கள், இரும்புச்சத்து உடலில் சேராமல் போகும், ரத்தசோகை உள்ள பெண்களுக்கு அது ரொம்ப முக்கியம்.

உப்பைக் கடைக் கணக்கில் பாருங்கள். ஆளுக்கு நாளைக்கு 5 கிராம் என்றால் நாலு பேர் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். உங்கள் வீட்டில் எத்தனை நாளில் தீர்கிறது என்று பாக்கெட் மேல் தேதி எழுதி வைத்தால் தெரிந்துவிடும். கருவாடு, ஊறுகாய், அப்பளத்தில் வருவது இதற்கு மேல் தனி.

அப்புறம் தட்டு. பாதி காய்கறி, கால் பங்கு பருப்பு, அவரை, முட்டை, மீன் மாதிரி, மீதிக் கால் பங்குதான் சோறு. கேரட்டும் கோஸும் பீன்ஸும் மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பிவிட்டு, வீட்டில் ரேஷன் அரிசிச் சோற்றோடு ஒரு கரண்டி பொரியல் மட்டும் சாப்பிடுகிறோமே, இதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். உருளைக்கிழங்கு காய்கறிக் கணக்கில் வராது, சோற்றுக் கணக்கு. ராகியும் சாமையும் பெரியவர்கள் சாப்பிட்டதுதான், திரும்பக் கொண்டுவரலாம், ஆனால் களி என்று இரண்டு பெரிய உருண்டை சாப்பிட்டால் அதிலும் சுகர் ஏறும்.

நடையைப் பற்றி ஒரே பாட்டை எல்லோரிடமும் பாடாதீர்கள். நாள் முழுக்கச் சரிவில் நின்று கொழுந்து பறிக்கிறவரிடம் போய் உடற்பயிற்சி செய்யுங்கள் என்று சொல்வது அவரை அவமதிப்பது, அவருக்குத் தேவை உணவு மாற்றமும் ஓய்வும். கடைக்காரர், டிரைவர், வாத்தியார், ரிட்டயர் ஆனவர், இவர்களுக்குத்தான் நடை. அதுவும் விடியற்காலை இருட்டில் வேண்டாம், காட்டெருமையும் கரடியும் நடமாடுகிற நேரம். நன்றாக வெளிச்சம் வந்த பிறகு கூட்டமாகப் போங்கள். சாப்பிட்டு முடித்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலே சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சுகர் குறையும், அதற்கு வீட்டு வாசல் போதும். மழை நாளில் அங்கன்வாடிக்குள்ளேயே படி ஏறி இறங்கலாம், நாற்காலியில் உட்கார்ந்து எழலாம்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் குழு எந்த முடிவும் எடுக்கக் கூடாது. சாப்பாடு குறையும்போது கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ அதே அளவில் போனால் சுகர் ரொம்ப இறங்கி மயக்கம் வரும். அதனால் மாற்றம் தொடங்குவதற்கு முன்பே டாக்டரைப் பார்த்து அளவைக் கேளுங்கள். வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றினால் உடனே சர்க்கரை கலந்த தண்ணீர் கொடுக்க வேண்டும், குழுவில் எல்லோருக்கும் இது தெரிந்திருக்கட்டும். கர்ப்பிணிகளையும் சின்ன வயதிலேயே இன்சுலின் போடுகிறவர்களையும் எடை குறைக்கும் திட்டத்தில் சேர்க்காதீர்கள். கால் மரத்துப்போனவர்கள் குளிருக்கு நெருப்புப் பக்கம் காலை நீட்டக் கூடாது, சுட்டது கூடத் தெரியாது. தோட்டத்திலிருந்து வந்ததும் பூட்ஸைக் கழற்றி அட்டை கடித்த இடம், கொப்புளம், வெடிப்பு இருக்கிறதா என்று யாராவது ஒருவர் பார்க்க வேண்டும், கண் சரியாகத் தெரியாத பாட்டிக்குப் பேரப் பிள்ளை பார்க்கலாம்.

நடுவில் சிலர் நின்றுவிடுவார்கள், பெரும்பாலும் எடை குறையவில்லை என்கிற வெட்கத்தில். அதனால் எடையைச் சத்தமாக வாசிக்காதீர்கள், அவரவர் நோட்டில் அவரவர் எழுதட்டும். ஹெத்தையம்மன் திருவிழா நாளில் யார் தட்டையும் எட்டிப் பார்க்காதீர்கள். ஆண்கள் வரவில்லை என்றால் டீக்கடைக்கே போய்ப் பேசுங்கள், புகையிலையையும் குடியையும் அங்கேதான் பேச முடியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இடுப்பளவு, பிரஷர், சுகர் மூன்றையும் திரும்பப் பாருங்கள். ஆறு மாதம் கழித்தும் ஒருவருக்கு அளவு இறங்கவில்லை என்றால் அவரைத் திட்டாமல் டாக்டரிடம் அழைத்துப் போய் மருந்தை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.