காம்பவுண்ட் வில்லில் டிராப்-அவே அம்புத் தாங்கியைப் பொருத்தும் முறை

டிராப்-அவே ரெஸ்ட் எனப்படும் விழும் அம்புத் தாங்கிக்கு இரண்டு வேலைகள் உண்டு. நாணை முழுதாக இழுத்து நிற்கும்போது அம்பைச் சரியான உயரத்தில் ஏந்த வேண்டும். நாணை விட்டபின், பின்னால் வரும் இறகுகள் தன்னைக் கடப்பதற்குள் கீழே படுத்து வழிவிட வேண்டும். நொடிக்கு 280 அடி வேகத்தில் புறப்படும் ஓர் அம்பை நாண் அரை மீட்டர் தூரம் தள்ளுகிறது என்று வைத்துக்கொண்டால், அந்தத் தூரத்தில் அதன் சராசரி வேகம் ஏறக்குறைய அதில் பாதி. ஆகவே அம்பு நாணில் இருக்கும் நேரம் சுமார் 12 மில்லிநொடிதான். தாங்கி விழுவதற்குக் கிடைப்பது அதிலும் ஒரு பகுதியே. தாங்கியை வில்லில் திருகி மாட்டுவது பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதை இயக்கும் மெல்லிய கயிற்றை எங்கே, எவ்வளவு நீளத்தில் கட்டுகிறோம் என்பதில்தான் மீதி நேரம் முழுவதும் செலவாகும்; செலவாகவும் வேண்டும்.

வேலையைத் தொடங்குமுன் கையில் இருக்கும் தாங்கி எந்த வகை என்று அறிந்துகொள்ளுங்கள். கேபிளால் இயங்கும் வகையில், நாணை இழுக்கும்போது கீழ்நோக்கிச் செல்லும் கேபிள் (நாணைத் தவிர வில்லின் இரு முனைகளுக்கிடையே ஓடும் தடித்த கயிறுகளில் ஒன்று) அந்த மெல்லிய கயிற்றை இழுத்து, தாங்கியின் கவையை, அதாவது அம்பு அமரும் பிளவுபட்ட பகுதியை, மேலே தூக்குகிறது. நாணை விட்டதும் கயிறு தளர, உள்ளே இருக்கும் சுருள்வில் கவையைக் கீழே தள்ளுகிறது. லிம்ப் எனப்படும், வில்லின் மேலும் கீழும் உள்ள வளையும் பட்டையால் இயங்கும் வகையில் இது தலைகீழாக நடக்கிறது. அங்கே கவையை மேலே தூக்குவது சுருள்வில். வில் ஓய்ந்திருக்கும்போது லிம்பில் கட்டிய கயிறு இறுக்கமாக நின்று கவையைக் கீழே பிடித்து வைத்திருக்கிறது. இழுக்கும்போது லிம்ப் வளைந்து கயிறு தளர்வதால் கவை எழுகிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் வாங்கிக்கொள்ளாமல் கயிற்றின் நீளத்தைத் தீர்மானிக்க முடியாது.

ஆலன் கீ தொகுதி, போ ஸ்கொயர் எனப்படும் டி வடிவ அளவுகோல், நாணிலும் கேபிளிலும் சுற்றிக் கட்டும் சர்விங் நூல், ஒரு சிறிய தீமூட்டி, மசி பேனா ஆகியவை போதும். வில்லை அசையாமல் பிடிக்கும் போ வைஸ் இருந்தால் வேலை எளிதாகும். கேபிளின் இழைகளைப் பிரித்துக் கயிற்றை நுழைக்கும் முறையைப் பின்பற்றுவதாக இருந்தால் வில்லை அழுத்தி நாணையும் கேபிளையும் தளர்த்தும் போ பிரஸ் என்ற கருவி தேவைப்படும். அது இல்லாதவர்கள் அந்த ஒரு வேலையை மட்டும் அனுபவமுள்ள வில் பழுதுநரிடம் ஒப்படைப்பது நல்லது. சோதனைக்காக நாணை இழுக்கும் ஒவ்வொரு முறையும் அம்பு பூட்டியிருக்க வேண்டும், சில அடி தூரத்தில் அம்பைத் தாங்கும் இலக்கு இருக்க வேண்டும். அம்பில்லாமல் நாண் கையிலிருந்து நழுவினால் கேம் (லிம்ப் முனையில் உள்ள சக்கரம்), லிம்ப், நாண் அனைத்தும் சிதையக்கூடும். அருகில் நிற்பவருக்கும் காயம் ஏற்படும்.

பழைய தாங்கியைக் கழற்றியபின் ரைசரில் (வில்லின் நடுவே கைப்பிடி அமைந்த உடற்பகுதியில்) உள்ள, தாங்கியை மாட்டும் பெர்கர் துளையைத் துடைத்துச் சுத்தமாக்குங்கள். பெரும்பாலான வில்களில் இந்தத் துளை 5/16 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 மரைகளும் கொண்டது. புதிய தாங்கியின் போல்ட்டைக் கையாலேயே சில சுற்றுகள் திருகி, மரை நேராகப் பிடித்திருக்கிறதா என்று பார்த்த பிறகே ஆலன் கீயை எடுக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் முழுதாக இறுக்க வேண்டாம். தாங்கி தானாகச் சரியாத அளவுக்குப் பிடித்தால் போதும். போட்டிகளில் எய்பவர்கள், அம்பு தாங்கப்படும் புள்ளி கைப்பிடியின் குழிவிலிருந்து 6 சென்டிமீட்டருக்கு மேல் பின்னால் இருக்கக்கூடாது என்ற வேர்ல்ட் ஆர்ச்சரி எனும் உலக வில்வித்தை அமைப்பின் விதியையும் இப்போதே கவனத்தில் கொள்ளலாம்.

உயரத்தை அளப்பதில் பலர் செய்யும் தவறு, கவை கீழே படுத்திருக்கும்போதே அம்பை வைத்து மட்டம் பார்ப்பது. எய்யும் கணத்தில் அம்பு அந்த நிலையில் இருப்பதில்லை. கவையை அதன் முழு உயரத்துக்குத் தூக்கி நிறுத்தி, பூட்டும் நெம்புகோல் இருந்தால் பூட்டியும், இல்லாவிட்டால் ஒரு துண்டு ஒட்டுநாடாவால் பிடித்தும், அதன் பிறகே அம்பை நாணில் பூட்டுங்கள். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது அம்பின் தண்டு பெர்கர் துளையின் நடுவை ஒட்டிச் செல்ல வேண்டும். போ ஸ்கொயரை நாணில் மாட்டிப் பார்த்தால், அம்பு நாணுக்குச் செங்குத்தாகவோ அதன் பின்முனை 1/16 அங்குலம் உயர்ந்தோ இருப்பது நல்ல தொடக்க நிலை. இதற்கு டி-லூப்பின் (நாணில் அம்பு பூட்டும் இடத்தில் கட்டிய சிறு வளையத்தின்) இடத்தை மாற்ற நேர்ந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். கயிற்றைக் கட்டி முடித்தபின் உயரத்தைத் தொட்டால், கயிற்றின் கணக்கையும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

அடுத்தது பக்கவாட்டு நிலை. ரைசரின் உள்முகத்திலிருந்து அம்புத் தண்டின் நடுவரை அளக்க வேண்டும். உங்கள் வில்லின் கையேடு தரும் அளவே முதன்மையானது. கையேடு கிடைக்காதபோது 13/16 அங்குலம், அதாவது ஏறக்குறைய 20.6 மில்லிமீட்டர், பல வில்களுக்குப் பொருந்தும் தொடக்க அளவாகும். பின்னால் நின்று ஒரு கண்ணால் பார்க்கும்போது நாண் அம்பை நீளவாக்கில் இரண்டாகப் பகுப்பதுபோல் தெரிந்தால் நீங்கள் சரியான இடத்துக்கு அருகில் இருக்கிறீர்கள்.

இப்போது கயிறு. கேபிளால் இயங்கும் வகையில் முதலில் கண்டறிய வேண்டியது, எந்தக் கேபிள் கீழே போகிறது என்பது. இரண்டு கேபிள்களிலும் ஒரே உயரத்தில் மசியால் புள்ளி வைத்து, நாணை மெதுவாக இழுத்து, பக்கத்தில் நிற்பவரைக் கவனிக்கச் சொன்னால் ஐயமே இருக்காது. கீழே போகும் கேபிளில், தாங்கியின் மட்டத்துக்குச் சில அங்குலம் கீழே, கயிறு எதன் மீதும் உரசாமல் நேராக வந்து சேரும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். முதல் முறையே நிரந்தரமாகக் கட்டிவிடக் கூடாது. தாங்கியுடன் வரும் சிறிய கிளாம்பாலோ, எளிதில் அவிழும் முடிச்சாலோ தற்காலிகமாகப் பிடித்து, கவை எப்போது எழுந்து முடிக்கிறது என்று பாருங்கள்.

கவை தன் முழு உயரத்தை அடைய வேண்டியது இழுப்பின் கடைசி அரை அங்குலம் முதல் 2 அங்குலத்துக்குள். இந்த எல்லைக்குக் காரணம் உண்டு: கேபிள் எந்த வழியில் போனதோ அதே வழியில்தான் திரும்புகிறது. கவை சீக்கிரமே எழுந்துவிட்டால், நாண் திரும்பும்போது கயிறு தாமதமாகவே தளரும். கவையும் தாமதமாகவே விழும். இறகுகள் அதன் மேல் மோதும். அதுமட்டுமல்ல, கவை எழுந்து முடிந்த பிறகும் கேபிள் தொடர்ந்து கீழே போவதால், கயிறு கேபிளை ஒரு பக்கமாக இழுத்து வைக்கிறது, கயிறும் தேய்கிறது. மாறாக, கயிறு அதிக நீளமாக இருந்தால் கவை முழு உயரத்தைத் தொடாமலே நின்றுவிடும். நீங்கள் கவனமாக அளந்த மட்டம் வீணாகும். சீக்கிரம் எழுந்தால் கயிற்றின் பிடியைக் கேபிளில் சற்று மேலே நகர்த்துங்கள் அல்லது கயிற்றை நீட்டுங்கள். தாமதமானால் இதற்கு எதிராகச் செய்யுங்கள். ஒரு நகர்த்தலுக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். தூக்கி நிறுத்தினால் பூட்டிக்கொள்ளும் தாங்கிகளில் கவை முன்னரே மேலே நிற்பதால் எழும் நேரத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது. அவற்றுக்குத் தயாரிப்பாளர் தரும் கயிற்று நீள முறையை அப்படியே பின்பற்றுங்கள்.

சரியான இடம் கிடைத்ததும் நிரந்தரமாகக் கட்டலாம். கிளாம்ப் மட்டுமே போதும் என்று விட்டுவிடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. நான் பொருத்திய முதல் தாங்கியில் கிளாம்ப் கேபிளின் மீது மெல்ல மேலேறிக்கொண்டே இருந்தது. அம்புகள் நாளுக்கு நாள் தாழ்ந்து விழ, காரணத்தை என் பிடியிலும் பார்வையிலும் தேடி ஒரு வாரத்தைச் செலவிட்டேன். வில்லைப் போ பிரஸ்ஸில் வைத்துத் தளர்த்தி, கேபிளின் இழைகளை இருபுறமும் சம எண்ணிக்கையில் பிரித்து, நடுவே கயிற்றை நுழைக்க வேண்டும். பிறகு கயிற்றுக்கு மேலும் கீழும் சர்விங் நூலால் முன்னும் பின்னுமாக அரை முடிச்சுகள் இட்டு, ஒவ்வொன்றையும் இறுக்கி, அரை அங்குல நீளத்துக்குக் கட்டுங்கள். கயிற்றின் வெட்டு முனையைத் தீமூட்டியால் உருக்கிச் சிறு குமிழாக்கினால் அது பின்வாங்காது. சுடர் கேபிளைத் தொடாதபடி இடையில் ஓர் உலோகத் தகட்டைப் பிடித்துக்கொள்வது அவசியம். கேபிளின் இழைகள் வெப்பத்தை மிகக் குறைவாகவே தாங்கும்.

லிம்பால் இயங்கும் தாங்கியில் இவ்வளவு நுணுக்கம் தேவைப்படாது. கயிற்றை லிம்பில் கட்டி, வில் ஓய்ந்திருக்கும்போது கவை முழுதாகக் கீழே படுத்திருக்க, கயிற்றில் தொய்வே இல்லாமல் இறுக்கமாக இருக்கும்படி நீளத்தை அமைத்தால் போதும். இதில் கவை இழுப்பின் தொடக்கத்திலேயே எழுந்துவிடும். அம்பை அதிகத் தூரம் ஏந்திச் செல்லும். கேபிளைத் தொடாமல் முடிகிற வேலை என்பதால், வீட்டிலேயே பொருத்த விரும்புகிறவர்களுக்கு இந்த வகையே ஏற்றது என்பது என் கருத்து.

இனிச் சோதனை. இறகுகளின் மீதும் கவையின் மீதும் மெல்லிய தூள் தெளித்து, இலக்குக்கு அருகில் நின்று ஓர் அம்பை எய்யுங்கள். தூளில் கீறலோ அழிந்த தடமோ தெரிந்தால் இறகு எங்கோ மோதுகிறது. கவையின் நேரத்தை மறுபடி பார்க்க வேண்டும். தடம் இல்லாத பிறகே காகிதச் சோதனைக்குப் போகலாம். சட்டத்தில் இறுக்கமாகக் கட்டிய காகிதத்தின் வழியாக, சுமார் 2 மீட்டர் தூரத்திலிருந்து, நடுங்காத பிடியுடன் எய்ய வேண்டும். அம்பின் பின்முனை முன்முனைக்கு மேலே கிழித்திருந்தால் தாங்கியைச் சற்று உயர்த்துங்கள் அல்லது டி-லூப்பைத் தாழ்த்துங்கள். கீழே கிழித்திருந்தால் தாங்கியைத் தாழ்த்துங்கள். எத்தனை முறை திருத்தினாலும் மேல்நோக்கிய கிழிசல் மாறவில்லை என்றால், இறகு கவையில் படுகிறது என்று கொண்டு தூள் சோதனைக்குத் திரும்புங்கள். பக்கவாட்டுக் கிழிசலுக்குத் தாங்கியை 1/32 அங்குலம் மட்டும் நகர்த்தி, துளை சுருங்குகிறதா விரிகிறதா என்று பார்த்துத் திசையை முடிவு செய்யுங்கள். ஒரே அம்பின் கிழிசலை நம்பாமல், மூன்று அம்புகளாவது ஒரே கதை சொன்ன பிறகு திருகைத் தொடுங்கள்.

எல்லாம் பொருந்தியபின் ஒவ்வொரு திருகாகக் கழற்றி, மிதமான பிடிப்புள்ள மரைப்பசை ஒரு துளி இட்டு மீண்டும் இறுக்குங்கள். ஆலன் கீயின் குட்டைக் கையைப் பிடித்து இறுக்கினால் மரை சிதையும் அளவுக்கு விசை போகாது. கயிறு கேபிளைச் சந்திக்கும் இடத்திலும் தாங்கியின் அளவுக் கோடுகளிலும் மசியால் குறியிடுங்கள். கேபிள் புதியதாக இருந்தால் முதல் 100 அம்புகளுக்குள் சற்று நீளும். அதன்பின் கவை எழும் நேரத்தை மறுபடி ஒருமுறை பார்த்து, தேவைப்பட்டால் கயிற்றை ஓரிரு மில்லிமீட்டர் திருத்திக்கொள்ளுங்கள்.